கல்லை வைப்பது யார்?

போன வாரம் டீ குடிக்கத்தான் பட்டறைப் பக்கம் வந்தேன். ஓய்வு பெற்ற மனுசனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். டீக்கடை பட்டறைக்கு எதிரில் இருந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டுத் தினமும் வருகிறேன். வந்த இடத்தில் காதில் விழக் கூடாதது விழுந்தது. ஒரு பிக்கப் வண்டிக்காரர், ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று பட்டறையில் வேலை பார்க்கிற உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "ஒசரம் ஏத்துன வண்டில்ல அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும். கல்ல வச்சிக்கிடுங்க." சொன்னதோடு விட்டாரா? பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வண்டியின் பின்சக்கரத்தில் வைத்துக் காட்டினார்.

என் டீ ஆறிப்போயிற்று. அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் வரும். முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடாதீர்கள், கடைசி வரை படியுங்கள்.

முதலில் இந்த உயரம் ஏற்றுகிற பைத்தியத்தைப் பற்றி. மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு, ஓடையும் பாறையும் தாண்டிப் போக வேண்டியவர்களுக்கு, வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் வீடியோ பார்த்துவிட்டு ஏற்றுகிறவர்கள். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டையைச் சொருகி, வண்டியைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்கள். பாடி மேலே போய்விட்டது. சக்கரம் தரையில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அளவெடுத்துப் போட்டிருந்த கேபிள் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கூரையை உயர்த்திக் கட்டிவிட்டு, பழைய ஏணி எட்டவில்லை என்று ஏணியைத் திட்டுகிற கதைதான்.

அதற்குப் பிறகு நம் ஆட்கள் ஆரம்பிப்பார்கள். வண்டி வெறுமனே நிற்கும்போது கேபிள் விறைத்து, பிரேக்கைத் தானே பிடித்து இழுக்கும். சக்கரத்தின் பிரேக் டிரம் சுடும், கருகல் வாசம் வரும். ஒரு மெக்கானிக் கேபிள் நட்டைத் தளர்த்திவிடுவார். சரியாகிவிட்டது என்று கொண்டு போவார்கள். லோடு ஏற்றினால் வண்டி அமுங்கும், கேபிள் தொங்கிப்போகும், லிவரைக் கூரை வரைக்கும் இழுத்தாலும் சக்கரம் பிடிக்காது. இன்னொரு மெக்கானிக் நட்டை இறுக்குவார். மறுபடி டிரம் சுடும். இப்படியே ஆளுக்கொரு மண்டகப்படி நடத்துவார்கள். எல்லாரும் வண்டியைச் சோதித்துப் பார்ப்பது மட்டும் ஒரே மாதிரிதான். சமதளத் தரையில், வெறும் வண்டியில், லிவரை ஒரு இழு இழுத்துவிட்டு, "போங்க".

இப்போது சங்கதிக்கு வருகிறேன். நான் இந்தப் பட்டறையில் இருந்த காலம், நீங்கள் யாரும் இங்கே வேலைக்குச் சேராத சமயம். புரட்டாசி மாதம், கடைசிச் சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போக வேண்டும் என்று மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் கான்சாபுரத்துக் கணேசன் வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். நல்ல மனுசன், ஆனால் பேச ஆரம்பித்தால் மூச்சு விட மாட்டார். வண்டியைப் பார்த்தால் மாடி வீடு நடந்து வருகிற மாதிரி இருந்தது. கூரை மேல் வரிசையாக லைட்டு, முன்கண்ணாடியில் சிங்கத்தின் கண் ஸ்டிக்கர். பின்னால் அரிசி மூட்டை அடுக்கி, அதன் மேல் அண்டாக்கள் கவிழ்த்திருந்தன.

நம் பட்டறை வாசல் உங்களுக்குத் தெரியும். வாறுகால் சாக்கடைக்கு மேலே போட்ட பாலத்திலிருந்து உள்ளே சரிவாக ஏறும். கணேசன் மூக்கை மேலே தூக்கின மாதிரி அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கரகரவென்று அது மேலே போய்க்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. அவ்வளவு தூரம் போகிற லிவர் எதையும் பிடிக்காது.

"ஏட்டி, கல்ல வை."

அவர் மனைவி பேச்சியம்மாள் அதற்கு முன்பே கதவைத் திறந்திருந்தார். அந்த உயரத்திலிருந்து இறங்க, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஒரு காலால் தரையைத் தேடினார். இறங்கினதும், காலடியில் கிடந்த கல்லை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். உடைந்துபோன அம்மியின் பாதி அது. அரைத்த மஞ்சளின் கறை கூட இன்னும் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

கணேசன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

வண்டி பின்னால் வந்தது. பேச்சியம்மாள் கல்லைத் தள்ளிவிட்டு ஒதுங்கினார், ஒரு கால் வாறுகாலுக்குள் போயிற்று. டயர் கல் மேல் ஏறி முக்கி நின்றது. அண்டாக்கள் ஒன்றோடு ஒன்று மோதின. அந்த அம்மா செருப்பை உதறிவிட்டு, நம் குழாயில் காலைக் கழுவப் போனார். கணேசன் இறங்கி வேட்டியைச் சரிசெய்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறினது அதில்தான். இது தினப்படி நடக்கிற காரியம் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

கணேசன் என்னிடம் வந்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் போதும், செத்த நேர வேலை என்றார். பிறகு வண்டி வாங்கின கதை, வீடியோ பார்த்த கதை, வெளியூரில் கட்டை போட்ட கதை, அதற்கப்புறம் ஏறி இறங்கின பட்டறைகளின் கதை எல்லாம் சொன்னார். பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள், இவர் முடிக்கவில்லை. நடுவில் புகுந்து, எப்போது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். எப்போதுமே பிடிப்பதில்லை என்றார்.

குழாயடியிலிருந்து பேச்சியம்மாள் சொன்னார். "வெறும் வண்டி நிக்கும். காய் ஏத்துனாத்தான் நிக்காது."

நீ சும்மா இரு என்றார் கணேசன். எனக்கு யார் மேல் எரிச்சல் படுவது என்றே தெரியவில்லை. அத்தனை பட்டறை ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு பட்டறையிலும் இந்த அம்மா பக்கத்திலேயே நின்றிருக்கிறார், ஒருத்தராவது வாயைத் திறந்து கேட்டாரா? வண்டியை ஓட்டுகிறவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் லிவரை இழுத்துவிட்டுப் பாட்டு கேட்கிறவர். நிற்கிறதா நழுவுகிறதா என்பது பின்னால் குனிகிறவருக்குத்தான் தெரியும்.

வண்டியைக் கொஞ்சம் முன்னால் ஏற்றி, சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, கல்லை எடுக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். அங்கே கண்ட காட்சியை நான் எழுதினால் நம் தொழிலுக்கே அவமானம். ஒருவர் சைக்கிள் செயின் துண்டைக் கோத்து கேபிளை நீளமாக்கியிருந்தார். இன்னொருவர் அதைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். நட்டு போய்வந்த வழியில் மரை தேய்ந்தே போயிருந்தது. லைனிங் கருகிக் கிடந்தது. எழுந்து வந்து கணேசனிடம் சொன்னேன். நீளக் கேபிள் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வர வேண்டும், கேபிளைத் தாங்குகிற பிராக்கெட்டைக் கீழே இறக்க வேண்டும், பிறகு லோடு ஏற்றிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு ஆகாது, நாளைக்கும் சந்தேகம்தான்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. நாளைக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்கிற பெருமாள் மலையின் அடிவாரத்தில் அவர்கள் சோறு ஆக்கிப் போட வேண்டும். மகளுக்குப் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்தாகி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்திருந்தார்கள். பெருமாளுக்குப் பேச்சியம்மாள் நேர்ந்துகொண்டது அது. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று, அரிசி ஏற்றியாயிற்று. நின்று கேட்கும்போது எனக்கே மனசு இளகியது. ஆனால் அந்த அடிவாரத்தை நான் பார்த்திருக்கிறேன். கடைசிச் சனிக்கிழமை அங்கே நிற்க இடம் இருக்காது. எந்த வண்டியை நிறுத்தினாலும் அதன் பின்னால் ஒரு குடும்பம் இலை போட்டு உட்கார்ந்திருக்கும். இடம் முழுக்கச் சரிவு வேறு.

கணேசன் சமாதானமாகச் சொன்னார். "கல்ல வச்சிக்கிடுதோம் பாய். இம்புட்டு நாளும் கல்லுதான நிப்பாட்டுது."

"கல்ல வைக்கது யாரு?"

இது என்ன கேள்வி என்கிற மாதிரி பார்த்தார். "வேற யாரு? இவதான்."

நான் நேரே போய் வண்டியில் ஏறினேன். ஏறுவதற்கே எனக்கு ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். கோபம் உச்சிக்கு ஏறியிருக்கும்போது முடிவு எடுக்காதீர்கள். ஆனால் சாவியையும் அவர்கள் கையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தபோது அந்தச் சாவி பையிலிருந்து நழுவி ணங்கென்று தரையில் விழுந்தது. சிங்கத் தலை போட்ட பித்தளைச் சங்கிலி வேறு. பக்கத்தில் தொழுதவர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். தொழுகையில் மனசு நிற்கவில்லை என்பது உண்மை. ஒருவருடைய வேண்டுதலை நிறுத்தின பாவம் எனக்கு வேண்டாம். அந்த அம்மா நசுங்கினால் அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம். இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் படி இறங்கும்போதுதான் உறைத்தது. அந்த அம்மா நேர்ந்துகொண்டது சோறு போடுவதாக. இந்த வண்டியில் வந்து போடுவதாக யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. வண்டிக்காரர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து நம் முன்னால் வைப்பார்கள். பதறாமல் பிரித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டறைக்குத் திரும்பினால் அங்கே ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. கணேசன் செல்போனில் கூப்பிடாத ஆள் இல்லை. கட்டட உரிமையாளர் எனக்குப் பேசினார், கொடுத்துவிடுங்கள் பாய் என்றார். என் மச்சான் பேசினான், சாமி காரியம் என்றான். அரிசிக் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ஹேண்ட்பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் எல்லாம், அது இல்லாமலே வண்டி ஓடும் என்று எனக்குச் சொன்னார்கள். ஓடும், யார் இல்லை என்றது? நிற்க வேண்டும் என்பதுதானே பேச்சு.

கணேசன் கடைசியில் சூடாகிவிட்டார். "எங்க வேண்டுதலப் பத்தி ஒமக்கு என்னவே தெரியும்?"

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பதிலுக்குப் பதில் பேசியிருந்தால் விஷயம் கேபிளை விட்டு வேறெங்கோ போயிருக்கும். நீங்களும் ஒரு நாள் இந்த மாதிரி இடத்தில் நிற்பீர்கள். அப்போது பேச்சை மறுபடி வண்டிக்கே கொண்டுவந்துவிடுங்கள், நமக்குத் தெரிந்தது அதுதான்.

"வேண்டுதலப் பத்தி நான் பேசல. ஒரே ஒரு தடவ, நீங்க கல்ல வைங்க. நான் வண்டில ஒக்காருதேன். பொறவு சாவி ஒங்க கையில."

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நம் ஆட்களிடம் ஜாடை காட்டி, முன்சக்கரம் இரண்டுக்கும் பின்னால் மரக்கட்டையை நன்றாக அடித்து இறுக்கச் சொன்னேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆளைப் பயமுறுத்தலாம், ஆபத்தில் நிறுத்தக் கூடாது. நான் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டேன். கணேசன் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

கண்ணாடியில் பார்த்தேன். நல்ல உயரமான மனுசர். குனிந்ததும் காணாமல் போய்விட்டார். உள்கண்ணாடியில் அண்டா தெரிந்தது, பக்கக் கண்ணாடியில் ரோடு தெரிந்தது, எதிர்க் கடையின் போர்டு தெரிந்தது. ஆளைக் காணோம். கட்டை போட்டுத் தூக்கின வண்டியில், பின்சக்கரத்துக்குக் கீழே குனிகிறவர் ஓட்டுகிறவர் கண்ணுக்கு இல்லவே இல்லை.

எங்கே இருக்கிறீர்கள் என்று கத்தினேன். பின்னால்தான் என்று குரல் வந்தது. எனக்குத் தெரியவில்லையே என்றேன். அரிசி மூட்டை ஒன்று லேசாகச் சரிந்தது.

"பாய், கால எடுத்துராதிய."

அது சற்று முன்னால் சிரித்தவரின் குரல் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. "பாய், கேக்குதா? கால எடுத்துராதிய" என்று திரும்பவும் சொன்னார். கேட்கிறது, எடுக்க மாட்டேன், வெளியே வாருங்கள் என்றேன். கல்லை வைக்காமல், கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். முகம் வேர்த்திருந்தது.

பேச்சியம்மாள் குழாயடியிலேயே நின்றிருந்தார். கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நானும் அங்கன இருந்து தெனமும் இதத்தான் சொல்லுதேன். பாட்டுச் சத்தத்துல இவியளுக்குக் கேக்காது."

அதற்குப் பிறகு கணேசன் யாருக்கும் போன் போடவில்லை. அரிசிக் கடைக்காரரே முன்வந்து ஸ்டாண்டிலிருந்து ஒரு லோடு ஆட்டோவைக் கூட்டி வந்தார். அதுவரை எனக்கு அறிவுரை சொன்னவர்கள் எல்லாரும் மூட்டை மாற்றினார்கள், அந்த மட்டுக்கும் அவர்களால் உபயோகம்தான். பேச்சியம்மாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊரையே உயரத்திலிருந்து பார்த்து வந்த கணேசன், பின்னால் அரிசி மூட்டை மேல், அண்டாவைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனார். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. மறுநாள் அடிவாரத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு முடித்ததாகப் போனில் சொன்னார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேபிள் வந்தது, வேலை முடிந்தது. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் படித்த இடத்தில் போய்க் கேளுங்கள். நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம். வண்டியைக் கணேசனிடம் கொடுத்து, தோப்புக்குப் போய்க் காய் ஏற்றிக்கொண்டு வாருங்கள், வருகிறபோது வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றேன். வழியில் எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்று சொல்லி, ஆப்பு மாதிரி சீவின இரண்டு மரக்கட்டையைக் கயிறு கட்டிக் கொடுத்தேன். பக்கவாட்டில் நின்றே சக்கரத்தடியில் தள்ளலாம், கயிற்றைப் பிடித்தே இழுக்கலாம். ஒருத்தரும் பின்னால் போய்க் குனிய வேண்டியதில்லை.

காய் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதே சரிவில் நிறுத்தி லிவரை இழுத்தார். பாதியிலேயே பிடித்தது. காலை எடுத்தார். வண்டி அசையவில்லை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எனக்கு நம்பிக்கை வருகிற வரைக்கும் அப்படியே நிறுத்திவைத்தேன். பிறகு பேச்சியம்மாளிடம், நிற்கிறதா என்று கேட்டேன். அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் பின்டயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிற்கிறது என்று தலையாட்டினார். என் வேலை அப்போதுதான் முடிந்தது.

கிளம்புகிற நேரம். நம் கதவடியில் கிடந்த அம்மிக்கல்லைக் கணேசன் பழக்கத்தில் தூக்கி வண்டியில் வைக்கப் போனார்.

"அத அங்கனயே போடுங்க" என்றார் பேச்சியம்மாள். "வண்டில கல்லு கெடந்தா நீங்க என்னய எறங்கச் சொல்லுவிய."

கணேசன் கல்லோடு திரும்பி வந்து நம் கதவுக்கு முட்டாக வைத்துவிட்டு, ஸ்டூலை எடுத்துப் போட்டு, அந்த அம்மா ஏறுகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அந்தக் கல் அங்கேதான் கிடக்கிறது. மஞ்சள் கறை போய்விட்டது, கிரீஸ் ஏறிவிட்டது. உங்களுக்கு அது வெறும் கதவுக் கல்.

போன வாரம் அந்த பிக்கப்காரருக்கு வைத்துக் காட்டினீர்களே, அந்தக் கல்தான்.

நாளைக்கு நான் டீ குடிக்க வருவேன். கல் கதவடியில் இருக்க வேண்டும். அந்த வண்டிக்காரரின் நம்பர் உங்கள் செல்போனில் இருக்கும், எந்நேரமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிட்டு, வண்டியை லோடோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அவருக்கு யார் கல் வைக்கிறார்களோ, அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.